கோத்தகிரிக் குளிரும் கண் சிமிட்டும் மானிட்டரும்

குழு: பெரிய வீடு
குழு விவரம்: தமிழில், தமிழ் எழுத்தில், முழு வாக்கியங்களாக எழுதவும். குரல் பதிவு வேண்டாம். – பெரியப்பா

*செவ்வாய்*

கோத்தகிரி அக்கா, காலை 7:40
அனைவருக்கும் வணக்கம். நான் இலைக் கணக்கு எழுதும் கணினியின் மானிட்டர் ஒரு வாரமாகப் படுத்துகிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் ஓரத்தில் இருக்கும் சிறிய பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதே தவிர, திரை கறுப்பாகவே கிடக்கிறது. அப்படியே விட்டுவிட்டு அடுப்பு வேலையை முடித்து வந்தால் தானாகவே படம் வந்திருக்கும். முதலில் 10 நிமிடம் எடுத்தது, இன்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் மதியத்தில் அணைத்துப் போட்டால் உடனே வருகிறது. மாதக் கடைசிக்குள் பச்சைத் தேயிலை போட்ட 62 பேருக்கும் எடைக் கணக்கை முடித்துத் தந்தாக வேண்டும்.

சென்னைத் தம்பி, காலை 7:52
அக்கா, அது 2008-இல் வாங்கிய 19 அங்குல எல்சிடி மானிட்டர்தானே? நான் பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

குன்னூர் சித்தி, காலை 8:05
மூடுபனி உள்ளே இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் ரேடியோவுக்கு இப்படி ஆனபோது விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் இரண்டு நாள் வைத்துக் காய வைத்தோம், சரியாகிவிட்டது.

கோவை மாமா, காலை 8:31
பரணில் வைக்க வேண்டாம், புகைக்கரி படிந்தால் இருப்பதும் போய்விடும். ஈரம் காரணமென்றால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது; மழை நாளில் ஒரு மாதிரியும் வெயில் நாளில் வேறு மாதிரியும் இருக்கும். நாள்தோறும் காலையில் மட்டும் அடம்பிடித்து, சூடானதும் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், மின்சாரம் கொடுக்கும் போர்டில் உள்ள கண்டன்சர்கள் கெட்டுவிட்டன என்று பார்க்காமலே சொல்லலாம். கண்ணு, காலையில் அந்த அறையில் எவ்வளவு குளிர் இருக்கும்?

கோத்தகிரி அக்கா, காலை 8:36
சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியில் இன்று காலை 9 டிகிரி காட்டியது, மாமா.

பெரியப்பா, காலை 8:40
ஊட்டியில் நாங்கள் 4 டிகிரியில் இருக்கிறோம், தலைகுந்தாவில் புல்வெளி முழுவதும் உறைபனி. அது நிற்க, கண்டன்சர் என்பதற்கு மின்தேக்கி என்று பாடநூலிலேயே சொல் இருக்கிறது.

கோவை மாமா, காலை 9:15
அத்தான், 40 ஆண்டுகள் ரேடியோவும் டிவியும் பிரித்த கைக்குக் கண்டன்சர் என்றால்தான் விளங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். அந்த அலுமினியக் குப்பிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து அது வற்றிப்போகும்போது குப்பியின் உள்தடை கூடி, மின்சாரத்தில் உள்ள அலைவை அதனால் சமன்செய்ய முடியாமல் போகிறது. குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் கெட்டிப்பட்டு, உள்தடை இன்னும் ஏறுகிறது. போர்டு இயங்கத் தொடங்குகிறது, வோல்ட் நிலையாக நிற்கவில்லை என்று கண்டதும் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது, மறுபடியும் முயல்கிறது. நீ காணும் கண் சிமிட்டல் அதுதான். ஒவ்வொரு முயற்சியிலும் குப்பிக்குள் சிறிது சூடு ஏறி, முக்கால் மணி நேரத்தில் ஒருவாறு தேறிவிடுகிறது. இதே மானிட்டர் இங்கே கோவையில் இருந்திருந்தால் இன்னும் ஓராண்டு யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும்.

கோவை மாமா, காலை 9:18
திறப்பதற்கு முன்பு உறுதி செய்ய ஒரு வழி உண்டு. நாளைக் காலையில் சுவிட்சைப் போடாமல், பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூட்டில் 2 நிமிடம் ஊதிவிட்டு, அதன் பிறகு போட்டுப் பார். உடனே படம் வந்தால் என் சொல் சரி. மிகச் சூடாக ஊதினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

*புதன்*

கோத்தகிரி அக்கா, காலை 7:22
ஊதினேன் மாமா. போட்டவுடன் படம் வந்துவிட்டது. பாப்பா இதைப் பார்த்துவிட்டு, கணினிக்கும் தலை துவட்ட வேண்டுமா என்று கேட்கிறாள்.

சென்னைத் தம்பி, காலை 7:30
அப்படியானால் தினமும் இப்படி ஊதியே மாதக் கடைசி வரை ஓட்டிவிடலாமே.

கோவை மாமா, காலை 7:48
ஓட்டலாம். ஆனால் அலைவு மிகுந்த மின்சாரம் அந்தப் பக்கம் இருக்கும் மற்ற போர்டையும் ஒரு நாள் தின்றுவிடும். அப்போது 40 ரூபாயில் முடிய வேண்டியது முடியாமல் போகும். கண்ணு, திறந்து பார்க்கத் துணிவு உண்டா? மாப்பிள்ளை உடன் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும், தனியாக வேண்டாம்.

கோத்தகிரி அக்கா, காலை 7:55
அவர் மாலையில் தோட்டத்திலிருந்து வந்ததும் செய்கிறோம். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் அவரிடம் இருக்கின்றன.

கோவை மாமா, காலை 8:20
இதைப் பொறுமையாக, இரண்டு முறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். 230 வோல்ட் மின்சாரம் அந்தப் போர்டில் டிசியாக மாறும்போது, அதன் உச்ச அளவான ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஒரு பெரிய கண்டன்சரில் ஏறி நிற்கும். போர்டிலேயே பருமனானது அது ஒன்றுதான், 400 அல்லது 450 வோல்ட் என்று உடம்பில் அச்சிட்டிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அந்த மின்சாரம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே பிளக்கை உருவிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு திறந்து, போர்டின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பி, 60 வாட் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயர் முனைகளை அந்தக் கண்டன்சரின் இரண்டு கால்களிலும் சில நொடிகள் வைத்து எடுங்கள். மிச்சம் இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி அணையும். அதன் பிறகும் மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து அளந்து, சுழி அருகே வந்த பின்புதான் விரல் வைக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவதை நானும் இளவயதில் செய்திருக்கிறேன். அது போர்டில் மின்சாரம் ஓடும் தடத்தையும் எரிக்கும், கண்ணையும் கெடுக்கும்.

குன்னூர் சித்தி, காலை 8:26
குண்டு பல்புக்கு இப்போது எங்கே போவது?

கோத்தகிரி அக்கா, காலை 8:29
கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்தது இருக்கிறது, சித்தி. குஞ்சுகள் வளர்ந்துவிட்டன.

கோவை மாமா, காலை 8:41
நல்லது. முன்பக்கத்தில் திருகு எதுவும் இருக்காது. தாங்கியைக் கழற்றி, பின்னால் உள்ள திருகுகளை எடுத்துவிட்டு, சட்டத்தின் இடுக்கில் பழைய ஏடிஎம் அட்டையைச் செருகிச் சுற்றிலும் நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம். திரைக்குப் பின்னாலிருந்து இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மெல்லிய ஒயர்கள் போர்டுக்கு வரும், அவை விளக்குகளுக்கானவை; செருகியைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். திரைப் பலகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் இந்த வயது மானிட்டரில் எல்இடி கிடையாது, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்குகள்தான், அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது.

கோத்தகிரி அக்கா, இரவு 7:50
[படம்]
[படம்]
திறந்துவிட்டோம். பல்பு மின்னவில்லை, மீட்டரில் 3 வோல்ட் காட்டியது. அலுமினியத் தகட்டை ஒட்டி நிற்கும் மூன்று குப்பிகளின் தலை சோற்றுப்பானை மூடி போல மேலெழும்பி இருக்கிறது. ஒன்றின் அடியில் பழுப்பாக ஏதோ ஒழுகியிருக்கிறது.

கோவை மாமா, இரவு 8:04
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பாக இருப்பது தொழிற்சாலையில் வைத்த பசை, அதை விட்டுவிடு. தலை வீங்கியவைதான் குற்றவாளிகள். மேல்மூடியில் கீறல் போட்டிருப்பதே, உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த வழியாகப் பிளந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். அவை சூடு தணிக்கும் தகட்டை ஒட்டியே நிற்கின்றன பார், பத்து டிகிரி கூடினால் கண்டன்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. அவற்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கோத்தகிரி அக்கா, இரவு 8:09
இரண்டில் 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட், ஒன்றில் 470 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட். மூன்றிலும் 105 டிகிரி என்று இருக்கிறது.

கோவை மாமா, இரவு 8:17
மைக்ரோ ஃபாரட், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவு, அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டிகிரி என்பது அது தாங்கும் சூடு; 85 டிகிரி என்று எழுதியதைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்கக் கூடாது. உள்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும், அதைப் பெரும்பாலான சிறு கடைகளில் வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே நானே காந்திபுரத்தில் வாங்கி அனுப்புகிறேன். உயரத்தையும் அளந்து சொல். மெல்லிய மானிட்டரில் குப்பி உயரமாக இருந்தால் பின்மூடி மூடாது.

கோத்தகிரி அக்கா, இரவு 8:25
20 மில்லிமீட்டர், மாமா. வெள்ளிக்கிழமை அவர் கேரட் மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிறார். அங்கே கொடுத்துவிட முடியுமா?

கோவை மாமா, இரவு 8:28
மாப்பிள்ளையை நேரில் பார்த்த மாதிரியும் ஆயிற்று. வருகிறேன்.

*சனி*

கோத்தகிரி அக்கா, காலை 11:10
[படம்]
மூன்றையும் மாற்றிவிட்டோம். பழையதன் ஈயத்தை உறிஞ்சி எடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. புதிய ஈயம் சிறிது சேர்த்து உருக்கினால் பழையதும் இளகி வரும் என்று நீங்கள் அவரிடம் சொல்லி அனுப்பியது கைகொடுத்தது.

கோவை மாமா, காலை 11:21
குப்பியின் பக்கவாட்டில் உள்ள கோடு எதிர்முனை. போர்டில் வட்டத்துக்குள் பாதி நிறம் தீட்டிய பக்கத்தில் அது வந்திருக்கிறது, மூன்றும் சரி. நேராகச் சுவரில் செருகாமல், அந்தக் கோழிக்குஞ்சு பல்பைச் சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பைக் கடந்தே மானிட்டருக்குப் போகும்படி, போட்டுக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே உருவிவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது போர்டின் அருகே கை போகக் கூடாது. விளக்குகளுக்குப் போகும் பக்கத்தில் பல நூறு வோல்ட் இருக்கும்.

கோத்தகிரி அக்கா, காலை 11:48
பளிச்சிட்டு மங்கியது. பச்சை விளக்கு சிமிட்டாமல் நிற்கிறது. மூடி மாட்டி நேரடியாகச் சுவரில் செருகினோம். படம் வந்தது மாமா, ஆனால் 2 நொடியில் திரை அணைந்துவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடியும் 2 நொடி வந்து போகிறது. பச்சை விளக்கு மட்டும் எரிந்தபடியே இருக்கிறது.

சென்னைத் தம்பி, காலை 11:50
இப்போதாவது புதியது பார்க்கலாமா?

கோவை மாமா, காலை 11:57
அவசரப்படாதே தம்பி, இது வேறு கதை. கண்ணு, அறையை இருட்டாக்கி, திரை அணைந்த பிறகு டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பார். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றனவா?

கோத்தகிரி அக்கா, பகல் 12:03
தெரிகின்றன! எடைப் பட்டியல் அப்படியே இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை.

கோவை மாமா, பகல் 12:10
அப்படியானால் படம் வரும் வழி முழுவதும் நலம். நான்கு குழல் விளக்குகளில் ஒன்று எரியவில்லை என்றாலும், பாதுகாப்புக்காகப் போர்டு நான்கையும் சேர்த்து அணைத்துவிடும். அந்த முடிவுக்கு வர அதற்கு ஓரிரு நொடி தேவைப்படுகிறது. விளக்கு கெட்டிருந்தால் திறப்பதற்கு முன்பும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஆகவே செருகும்போது ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. பிளக்கை உருவி, பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் பல்பு வைத்து, மீட்டரில் அளந்து, முதலில் செய்த அத்தனையும் செய்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

கோத்தகிரி அக்கா, பகல் 12:55
கீழ் வரிசையில் ஒரு செருகி பாதிதான் நுழைந்திருந்தது. அவர் நுழைத்ததா நான் நுழைத்ததா என்பதைப் பற்றி வீட்டில் தனியாக ஒரு விசாரணை நடக்கிறது. அழுத்திவிட்டோம். இப்போது 20 நிமிடமாக எரிகிறது.

*ஞாயிறு*

கோத்தகிரி அக்கா, காலை 6:50
8 டிகிரிக் குளிரில் போட்டேன், போட்டவுடன் வந்தது. முதல் ஐந்து நிமிடம் மட்டும் திரை மங்கலாகவும் சற்றே இளஞ்சிவப்பாகவும் இருந்து பிறகு வெளுத்தது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

கோவை மாமா, காலை 7:30
வேண்டாம். குழலுக்குள் இருக்கும் பாதரசம் சூடாகி ஆவியானால்தான் முழு வெளிச்சம் வரும். உன் ஊர்க் குளிரில் அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். குழலுக்கும் வயதாகிவிட்டது. நீ தேநீர் போட்டு வருவதற்குள் அதுவும் தயாராகிவிடும்.

பெரியப்பா, காலை 7:44
இதையெல்லாம் படித்ததில் எனக்கும் துணிவு வந்துவிட்டது. என் மானிட்டரில் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பாக ஒரு கோடு ஓராண்டாக இருக்கிறது. ஏடிஎம் அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன், திறக்கட்டுமா?

கோவை மாமா, காலை 7:50
அத்தான், அட்டையைப் பைக்குள் வையுங்கள். மானிட்டரில் இருக்கும் மெனு பொத்தானை அழுத்தி, அந்தப் பட்டியலைத் திரையின் இடது ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். கோடு பட்டியலின் மேலும் ஓடுகிறதா?

பெரியப்பா, காலை 8:12
ஆம், பட்டியலையும் வெட்டிக்கொண்டுதான் ஓடுகிறது.

கோவை மாமா, காலை 8:15
அப்படியென்றால் கணினியிலோ கேபிளிலோ குறையில்லை, திரைப் பலகத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி விளிம்பில் முடியைவிட மெல்லிய இணைப்புகளை அழுத்தி ஒட்டியிருப்பார்கள், அதில் ஒன்று விட்டிருக்கும். அதை மறுபடி ஒட்ட இயந்திரம் வேண்டும், என்னாலும் முடியாது. திறக்க வேண்டாம்.

பெரியப்பா, காலை 8:21
நல்லது. இடது ஓரம், சிவப்பு நிறம், மேலிருந்து கீழ். 34 ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கட்டுரை நோட்டில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் எழுதச் சொன்னேன், இனி நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.