ஆல்டர்னேட்டர்: பிரித்துச் சரிசெய்யலாமா, புதிது போடணுமா?

வணக்கம். பாலக்கோட்டில் இருக்கிறேன். கார் 2012 மாடல், 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குக் கொடுக்கும் யூனிட்) சரியாக சார்ஜ் ஏற்றவில்லை.

ஆடியில் ஆரம்பித்தது. விடியற்காலை இருட்டில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது பேட்டரி லைட் மங்கலாக எரிந்தது, ஹெட்லைட்டும் டல்லானது. இப்போது காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

பேட்டரியை சார்ஜ் போட்டு, கடையில் லோடு டெஸ்ட் செய்தாச்சு, நன்றாக இருக்கிறது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, எர்த் வயரை இறுக்கி, பெல்ட்டும் மாற்றினேன். அப்புறமும் என்ஜின் ஓடும்போது மீட்டரில் 12.6 வோல்ட்தான். 14 பக்கம் வரணும். ஹெட்லைட், ஏசி போட்டால் 12க்கும் கீழே போகிறது.

கழற்றி வீட்டிலேயே பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுற்றும் ரோட்டருக்கு கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து அரை சென்டிமீட்டர்கூட இல்லை. பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பின்பக்க பேரிங் கையில் சுற்றினாலே கரகரக்கிறது. ரோட்டர் காயில், டயோடு எல்லாம் மீட்டரில் சரியாகவே காட்டுகின்றன.

தர்மபுரியில் வைண்டிங் கடை அண்ணன், பிரஷ், ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), பேரிங் போட்டால் போதும் என்கிறார். ஸ்பேர் கடையில் முழு யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். பழைய யூனிட் வாங்க எனக்கு மனசில்லை. அப்பாவை டயாலிசிஸுக்கு சேலம் கூட்டிப்போகும் வண்டி, நடுவழியில் நிற்கவே கூடாது.

இதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இவ்வளவு பள்ளம் விழுந்த பிறகு, ஸ்லிப் ரிங்கையும் சேர்த்து மாற்றினால் நம்பி ஓட்டலாமா, புதிதே வாங்கிவிடலாமா?