இருமல் தாத்தாவும் எங்கள் ஒண்டுக்குடித்தனமும்

'எதிர் நீச்சல்' படம் என்றாலே எல்லோரும் சௌகார் ஜானகியின் பட்டு மாமியையும் ஸ்ரீகாந்தின் கிட்டு மாமாவையும்தான் சொல்வார்கள். 'அடுத்தாத்து அம்புஜம்' பாட்டு அப்படி. எனக்கு என்னவோ இருமல் தாத்தாவைத்தான் பிடிக்கும். ஆள் திரையில் வரவே மாட்டார், இருமல் மட்டும் வரும். 1968இல் வந்த படம், அதற்கு முன் மேடை நாடகம். எழுதி இயக்கிய கே. பாலசந்தர், ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளக்காரர்களின் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்ததும், படத்தில் வருகிற மாதிரி பல குடித்தனங்கள் ஒண்டியிருந்த வீடுதான். ஒரே குழாய், ஒரே கிணறு, கக்கூஸுக்கு வரிசை. பின் போர்ஷனில் நைட் ஷிஃப்ட் போகும் ஒருவர் இருந்தார். அவர் முகம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. விடிகாலையில் ரேழியில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம், அப்புறம் ஒரு நீளமான கனைப்பு. உடனே அம்மா, "அவர் வந்தாச்சு, தண்ணி விட்டுடுவான், குடத்தை எடு" என்பாள். எங்களுக்கு அவர்தான் கடிகாரம்.

பின்னாளில் டிவியில் படம் போட்டபோது அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். பாட்டுக்கு நன்றாகச் சிரித்தாள். மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் மாதுவாக வரும் நாகேஷ், குடித்தனக்காரர்கள் ஏவும் வேலையெல்லாம் செய்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. "நம்மாத்துலயும் சாம்பார் மிஞ்சினாத்தானேடா அவனுக்கு" என்றாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு மாது இருந்தான். காலேஜில் படித்துக்கொண்டே ரேஷன் கடை வரிசையில் நிற்பான், கரண்ட் பில் கட்டுவான், மாவு அரைத்து வருவான். கூலி என்று யாரும் காசு கொடுத்ததில்லை. ஒரு வீட்டில் ரசம், இன்னொரு வீட்டில் காலையில் வடித்த சோறு. எல்லோரும் அவனைக் கேலி செய்வோம், அவனும் சிரிப்பான். நாகேஷின் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அவன்தான் நினைவுக்கு வருவான். பிற்பாதியில் படம் கொஞ்சம் அழவைக்கப் பார்க்கிறது. எனக்கு முன்பாதி போதும்.

அவனுக்கு பாங்க்கில் வேலை கிடைத்ததும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஸ்வீட் பாக்கெட் கொண்டுவந்தான். அன்று முழுக்க முற்றத்தில் ஒரே சண்டை: அவன் யார் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் என்று.