இரண்டு இலக்க ஆண்டு: வெட்டாண்டா, வரம்பாண்டா?

களுவாஞ்சிகுடியிலிருந்து:
வணக்கம். விரிதாள் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. முதியோர் பட்டியலில் ஒரு பாட்டியின் பிறந்த திகதியை 5/3/29 என்று அடித்தால் எக்செல் 2029 ஆக்கிவிடுகிறது. இன்றைய திகதியிலிருந்து கழித்தால் வயது மறை எண்ணாக வருகிறது. அவரின் தங்கைக்கு 5/3/30. அது சரியாக 1930. எங்கள் கணினிகளில் 29 வரை 2000களுக்கும், 30 முதல் 1900களுக்கும் போகிறது. இந்த 29க்குத் தமிழில் என்ன பெயர்? இப்போதைக்கு 'வெட்டாண்டு' என்று போட்டிருக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
வெட்டு என்றால் பிள்ளைகள் வெட்டி ஒட்டுவதைத்தான் நினைப்பார்கள் டீச்சர். 'வரம்பாண்டு' போடுங்கள். வயல் வரம்பு தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை.

காரைதீவிலிருந்து:
ஆண்டு என்பதே யாண்டு என்பதன் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் 'யாண்டு' என்றே இருக்கும். அதுவும் பெரும்பாலும் ஆட்சியாண்டு மட்டும்தான். எந்த அரசன் என்று தெரியாவிட்டால் நூற்றாண்டு பிடிபடாது. அறுபது ஆண்டு வட்டமும் அப்படித்தான். ஏட்டில் வெறுமனே 'பிரபவ' என்றிருந்தால் 1927ஆ, 1987ஆ? ஆக இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. சொல்லும் பழையதாக இருக்கட்டும்: 'யாண்டெல்லை'. எங்கள் ஊரில் விபுலானந்த அடிகள் பிறந்த 1892ஐ இந்த எக்செலில் 92 என்று அடித்தால் என்ன ஆகும்?

மட்டக்களப்பிலிருந்து:
1992 ஆகும் ஐயா. முழுதாக 1892 என்று அடித்தாலும் திகதியாக ஏற்காது. அதன் நாள் எண்ணிக்கை 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். லிப்ரேஆபிஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாள் ஏற்கும்.
டீச்சர், அந்த 29 நிலையானதல்ல, விண்டோஸ் அமைப்பில் மாற்றலாம். ஆகவே எண்ணைக் கையேட்டில் ஆணியடித்து வைக்காதீர்கள். 3/4 என்று மட்டும் அடித்தால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதும் அங்குள்ள பிராந்திய அமைப்பைப் பொறுத்ததுதான். அமெரிக்க அமைப்பிலேயே கிடக்கும் கணினிகள் நம்மிடம் நிறைய. பெயர் எதுவானாலும் சரி, 'ஆண்டை நான்கு இலக்கத்தில் அடிக்கவும்' என்பது முதல் வரியில் வரட்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
நன்றி தம்பி, முதல் வரி அதுதான். பிள்ளைகளுக்கு எளிது என்பதால் வரம்பாண்டு என்றே போடுகிறேன். ஐயாவின் யாண்டெல்லையைச் சொல்லடைவில் அடைப்புக்குறிக்குள் தரலாமா?

காரைதீவிலிருந்து:
அடைப்புக்குறிக்குள் என்றால் வேண்டாம் பிள்ளை. யகரம் ஏன் கெட்டது என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.