கொறங்காட்டில் முதல் முறையாகச் செம்மறி: எத்தனை உருப்படியில் தொடங்கலாம்?

காட்டுக்காரன்:
வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது, அப்பா இருந்தவரை மாடு மேய்ந்தது, இப்போது நாலு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. கொழுக்கட்டைப்புல் இன்னும் இருக்கிறது, வெள்வேல மரம் பத்துப் பன்னிரண்டு நிற்கும், கிளுவை வேலிதான் இரண்டு இடத்தில் விட்டுப்போச்சு. செம்மறி வைக்க ஆசை. சந்தையில் ஒரே நாளில் 30 பிடித்துவிடு என்கிறார் மாமா. சரியா?

பட்டிக்காரர்:
தம்பி, 30 வேண்டாம். 10 பெட்டை, ஒரு கிடா போதும், பெருகினாலும் அந்த ஒரு கிடாயே 20, 25 பெட்டை வரை தாங்கும். உங்கள் காட்டுக்கு மேச்சேரி இனம்தான், கொம்பு இருக்காது, குட்டை முடி, நம் வெயிலுக்குப் பழகியது. கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்கு நாலு வாரம் சும்மா போய் விலையைப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் ஆட்டைப் பக்கத்துப் பட்டியில் தாயையும் குட்டியையும் பார்த்து வாங்குங்கள். இரண்டு பல், நாலு பல் போட்ட இளம் பெட்டையாக எடுங்கள், மடியைத் தொட்டுப் பாருங்கள், கட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். சினை 5 மாதம், பெரும்பாலும் ஒரு குட்டிதான், அதனால் முதல் வருஷம் கையில் காசு பார்க்க முடியாது, இப்போது பார்க்கும் வேலை ஏதாவது இருந்தால் உடனே விடாதீர்கள். அப்புறம், பிறந்த பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வரும் முன் கிடாயை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அப்பனும் மகளும் சேர்ந்துவிடும்.

மழைக்காடு:
நான் பட்டது ஒன்று சொல்கிறேன். முதல் வருஷம் மழை பெய்து புல் திமுதிமுவென்று வந்தது, சந்தோஷமாக வயிறு முட்ட மேயவிட்டேன், விடியும்போது மூன்று குட்டி செத்துக் கிடந்தது, மூன்றும் பட்டியிலேயே கொழுத்த குட்டிகள். துள்ளுமாரி என்கிற நோய், கொழுத்த குட்டியைத்தான் திடீரென்று கொல்லும். அது வந்தபின் மருந்து கொடுக்க நேரம் இருக்காது. மழைக்கு முன்பே அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஊசி போட்டுவிடுங்கள், இளம்புல்லில் முதல் சில நாள் கொஞ்ச நேரம் மட்டும் விடுங்கள். ஆட்டுக்கொல்லி (PPR) நோய்க்கான ஊசியையும் அப்போதே கேளுங்கள். புதிதாக வாங்கிய ஆட்டை 3 வாரம் தனியாகக் கட்டி, குடற்புழு மருந்து கொடுத்த பிறகே மற்றதோடு சேருங்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைப் போடவே வேண்டாம், அதில் உள்ள தாமிரம் செம்மறிக்கு ஆகாது.

காட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. கோடைக்குத் தீனி? மாமா காட்டில் சோளம் நிற்கிறது.

பட்டிக்காரர்:
பூத்த பிறகு அறுத்துக் காயவைத்த சோளத்தட்டு என்றால் தாராளமாகப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் வாடி முழங்கால் உயரத்தில் நிற்கும் இளஞ்சோளத்தில் மட்டும் ஆட்டை விட்டுவிடாதீர்கள், அது விஷம், நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். உங்கள் வெள்வேலங்காய் உதிர்ந்தால் பொறுக்கி மூட்டை கட்டி வையுங்கள், கோடையில் ஆடு அதை அப்படி விரும்பித் தின்னும்.

கிளுவைவேலி:
ஆடு வாங்கும் முன் வேலியில் விட்டுப்போன இடத்தை அடைத்துவிடுங்கள். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இப்போது நாய்த் தொல்லை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், ஒரே ராத்திரியில் பட்டியே போய்விடுகிறது, கடிபடாத சினை ஆடு கூட மிரண்டு ஓடிக் குட்டி வீசுகிறது, அதாவது கரு கலைந்துவிடுகிறது. கிளுவைப் போத்து (நடுகிற குச்சி) இப்போது நட்டாலும் வளர்ந்து வேலியாக அடைத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும், அதுவரை அந்த இரண்டு இடத்திலும் கம்பி வலை கட்டுங்கள். ராத்திரிப் பட்டியை வீட்டுக்குப் பக்கத்தில், சத்தம் கேட்கிற தூரத்தில் போடுங்கள்.