பொருள்: தத்தஸ்தானகிர்க் – தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே,
சட்ட வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆர்மேனிய அறிஞர் மகித்தார் கோஷ் 1184இல் எழுதத் தொடங்கிய சட்டநூலின் பெயர் 'தத்தஸ்தானகிர்க்'. தத்தஸ்தான் என்றால் தீர்ப்பு, கிர்க் என்றால் நூல். 'நீதிநூல்' என்று எழுதினேன், பதிப்பாசிரியர் அடித்துவிட்டார்.
– க. செ.

அடித்தது சரிதான். நீதிநூல் என்றதும் பிள்ளைகளுக்கு ஆத்திசூடிதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குக் கோஷ் நீதிக்கதைகளும் எழுதியவர். மதுரைக்காஞ்சியில் நீதிமன்றத்துக்கு 'அறங்கூறு அவையம்' என்ற பெயர் இருக்கிறதே, 'அறங்கூறுநூல்' எனலாம்.
– புலவர் ந.

ஐயா, அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும், அடிக்குறிப்புக்கு ஓர் உரை வேண்டும். 'சட்டத்தொகுப்பு' போதும்.
– மீ.

வேரைப் பாருங்கள். ஆர்மேனிய 'தத்' ஈரானிய இரவல். பழம்பாரசீகத்தில் 'தாத' என்றால் சட்டம், நேர்பொருள் 'வைக்கப்பட்டது'. பாரசீகத்தை ஆண்ட சசானியர் காலச் சட்டநூல் ஒன்றின் பெயரே 'ஆயிரம் தாதெஸ்தான்', அதாவது ஆயிரம் தீர்ப்புகள். எபிரேயத்துக்கும் அங்கிருந்துதான் 'தாத்' போயிற்று. வடமொழியில் அதே வேரில் பிறந்தவை ஹிதம், புரோகிதர், விதி. எனவே 'விதிநூல்' என்றால் வேரும் நிற்கும், பொருளும் நிற்கும். 'இதமான காற்று' என்கிறோமே, அந்த இதமும் ஆர்மேனிய நீதிமன்றமும் ஒருவகையில் பங்காளிகள்.
– இரா. கோ.

விதிநூலைச் சோதிடப் புத்தகம் என்று வாங்கிப் போவார்கள். தவிர, தூய தமிழ் கேட்ட இடத்தில் வடசொல்லா?
– புலவர் ந.

'வழக்குநூல்' என் பரிந்துரை. பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று பிரிக்கிறார். வழங்கிவருவதும் வழக்கு, மன்றில் வாதிடுவதும் வழக்கு. கோஷ் அரசாணைகளைத் தொகுக்கவில்லை, ஆணையிட அங்கே ஆர்மேனிய அரசனே இல்லை. ஊர்வழக்கம், திருச்சபை விதிகள், பைபிளில் உள்ள மோசேயின் சட்டம் இவற்றிலிருந்து எடுத்துக் கட்டினார். ஆர்மேனியருக்குச் சட்டமே இல்லை என்று பிறர் பழித்ததையும், தம் மக்கள் அயலார் மன்றம் ஏறக் கூடாது என்பதையும் முன்னுரையில் காரணமாகச் சொல்கிறார். இதைச் 'சட்டத்தொகுப்பு' என்றால், பின்னால் ஓர் அரசு இருந்தது என்று மாணவர் நினைத்துக்கொள்வார்.
– தமிழ்.

விஷயத்துக்கு வெளியே: 18ஆம் நூற்றாண்டில் சென்னை ஆர்மேனிய வணிகர் ஷஹாமிர் ஷஹாமிரியன், இல்லாத ஆர்மேனிய நாட்டுக்கு அரசியல் சாசனமே எழுதி இங்கே அச்சிட்டார். சென்னையின் ஆர்மேனியன் தெருவை நம்மவர்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கினார்கள், கலைச்சொல் குழு எதுவும் கூடாமலே.
– மீ.

சரி, எனக்கு வழக்குநூல்தான் பொருத்தமாகப் படுகிறது. அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் மூலப்பெயரையும் சேர்க்கிறேன். நன்றி.
– க. செ.

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வழக்குநூல் என்றால் வக்கீல்கள் கேஸ் கட்டு என்று நினைப்பார்கள். மேலும், சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஸ்தான்' பற்றி யாருமே பேசவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.
– இரா. கோ.