குற்றச் செய்தி எழுதுவதில் வழிகாட்டுதல் வேண்டும்

மூத்த செய்தியாளர்களுக்கு வணக்கம். மதுரையில் ஒரு நாளிதழில் பயிற்சி நிருபராக அண்மையில் சேர்ந்துள்ள எனக்குக் காவல் நிலையச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், கொலைக்கு 302 என்றிருந்த பிரிவு 103 ஆகவும், திருட்டுக்கு 379 என்றிருந்தது 303 ஆகவும் மாறியிருக்கிறது. அதற்கு முன் நடந்த குற்றங்களின் வழக்குகளோ பழைய பிரிவுகளிலேயே நடப்பதால், இரண்டு எண் வரிசைகளையும் ஒரே நாளில் கையாள வேண்டியுள்ளது. முதல் தகவல் அறிக்கையை எழுத்தர் கடகடவென்று படித்துக்கொண்டே போகும்போது எது எதுவென்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஐயம் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளைப் பற்றியது. 2012ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 23ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம் மட்டுமன்றிக் குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றை வெளியிடுவதையும் தடை செய்கிறது. கைதானவர் குழந்தையின் நெருங்கிய உறவினராக இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் போட்டாலே குழந்தை யாரென்று ஊராருக்குத் தெரிந்துவிடும்; விட்டுவிட்டால், செய்தியில் ஒன்றுமே இல்லையே என்று ஆசிரியர் குழுவினர் திருப்பி அனுப்புகிறார்கள். இத்தகைய செய்திகளில் இடத்தைத் தாலுகா அளவில் நிறுத்துகிறீர்களா, மாவட்ட அளவிலா? உறவுமுறையை எவ்வாறு எழுதுகிறீர்கள்? பழைய, புதிய பிரிவுகளின் ஒப்பீட்டுப் பட்டியல் தமிழில் யாரிடமேனும் இருந்தால் பகிர்ந்து உதவுங்கள். சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவில் இருந்தால் மிகவும் நல்லது.