ரக்பி ‘ட்ரை’க்குத் தமிழில் என்ன எழுதுவது?

எங்கள் நூலகக் கையெழுத்து இதழுக்காக இங்கிலாந்து ரக்பி வீரர் ரொனால்ட் பூல்டன் பாமரைப் பற்றி எழுதுகிறேன். ரக்பியில் புள்ளி எடுக்கும் ஒரு வகையான ‘ட்ரை’ (try) என்ற ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஆள் சாதாரணமானவர் இல்லை. 1909 முதல் 1914 வரை இங்கிலாந்துக்காக 17 ஆட்டங்கள், கடைசி வருடம் அணித் தலைவர். 1914 ஏப்ரலில் பாரிஸ் பக்கம் கொலோம்பில் பிரான்ஸுக்கு எதிராக அவர் ஒருவரே நான்கு ‘ட்ரை’. 39-13 என்று வெற்றி. அடுத்த ஆண்டு மே 5ஆம் தேதி, முதல் உலகப்போரில், பெல்ஜியப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். வயது 25தான். இதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

முதலில் ‘நான்கு முயற்சிகள்’ என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்த தங்கை, “நாலு தடவை முயன்றும் முடியலையா?” என்றாள். ‘கோல்’ போட்டால் தப்பு. அது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது. ‘ட்ரை’யோ பந்தோடு ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் பந்தை அழுத்துவது. அப்போது அதற்கு 3 புள்ளி. ‘தரைதொடல்’ என்றும் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நான் பார்த்த அகராதிகளில் ‘முயற்சி’ மட்டும்தான். கொழும்பு நண்பரைக் கேட்டால், அவர்கள் பேச்சில் ‘ட்ரை’ என்றேதான் சொல்கிறார்களாம்.

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள், இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்: ரக்பி பார்த்தே இராதவருக்கும் சட்டென்று புரிகிற மாதிரி, அச்சில் இதற்கு எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள்?